பனிக்கரடி கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? எண்களை வைத்துப் பேசுவோம்

#1 செல்வம் (சேட்ஸ்வொர்த்)

வணக்கம். எங்கள் வார இறுதித் தமிழ் வகுப்பின் பெரிய பிள்ளைகளுக்கு இந்த முறை விவாதத் தலைப்பு பனிக்கரடி. வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது: "1960-களில் 5,000. இன்று 26,000. பனி உருகிக் கரடி அழிகிறது என்பது பொய்." ஒரு அணி அதையே பிடித்துக்கொண்டிருக்கிறது. மறு அணியிடம் இருப்பது எலும்பும் தோலுமாக நடக்கும் ஒரு கரடியின் காணொளி. அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று இருவருமே கேட்கவில்லை. ஜோகன்னஸ்பர்க் மிருகக்காட்சிசாலையில் வாங், ஜீபீ என்ற பனிக்கரடிகள் இருந்ததெல்லாம் இவர்களுக்குத் தெரியாது. யார் எண்ணினார்கள், எப்படி எண்ணினார்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.

#2 கதிர்வேல் (டர்பன்)

ஐயா, முதலில் 5,000. அது கணக்கெடுப்பே இல்லை. 1965-இல் அலாஸ்காவின் ஃபேர்பேங்ஸ் நகரில் ஐந்து நாட்டு ஆய்வாளர்கள் கூடியபோது உலகில் எத்தனை கரடி என்பதற்கு ஆளுக்கொரு மதிப்பு சொன்னார்கள். சோவியத் தரப்பில் 5,000 சுற்றி ஒரு மதிப்பு. மற்றவர்கள் 10,000-க்கு மேல் என்றார்கள். வானிலிருந்து முறையாக எண்ணும் வழியும், குறியிட்டு மறுபடி பிடிக்கும் திட்டமும் அன்று பெரும்பாலான இடங்களில் இல்லை. அந்த எண்களில் மிகச் சிறியதை எடுத்து இன்றைய எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தால் எந்த உயிரினமும் பெருகியதாகத்தான் தெரியும்.

இருந்தாலும் அந்தப் படத்துக்குள் ஓர் உண்மை இருக்கிறது. 1950, 60-களில் வேட்டை கட்டுக்கடங்காமல் நடந்தது. விமானத்தில் போய்ச் சுட்டார்கள். நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் கண்ணி வைத்த, தானே சுடும் துப்பாக்கிப் பொறிகள் இருந்தன. 1973-இல் ஆஸ்லோவில் கனடா, டென்மார்க், நார்வே, சோவியத் யூனியன், அமெரிக்கா ஐந்தும் ஒப்பந்தம் போட்டன. 1976-இல் நடைமுறைக்கு வந்தது. வேட்டை அடங்கியதும் பல இடங்களில் கரடி மீண்டது. மறுப்பவர் சொல்வதில் இது சரிதான், மாணவர்கள் இதை ஒப்புக்கொண்டே பேச வேண்டும்.

26,000 என்பது ஐ.யு.சி.என். என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2015-இல் வெளியிட்ட மதிப்பீடு. அதன் வீச்சு 22,000 முதல் 31,000 வரை. அப்போது 19 துணைக்கூட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு ஆண்டில், வெவ்வேறு முறையில் கிடைத்த எண்ணைக் கூட்டியதே இது. கனடாவின் ஹட்சன் விரிகுடா போல நன்கு ஆராய்ந்த இடமும் உண்டு, ரஷ்யாவின் லாப்டேவ் கடல் போல பழைய உத்தேச எண் மட்டும் உள்ள இடமும் உண்டு. வட துருவத்தை ஒட்டிய நடுக்கடலுக்கு எண்ணே கிடையாது. கூட்டிய தொகையை வைத்து போக்கைப் பேசவே முடியாது. போக்கைப் பேச வேண்டுமானால் ஒரே கூட்டம், ஒரே முறை, பல ஆண்டுகள் என்று எடுக்க வேண்டும்.

#3 மீனாட்சி (கேப் டவுன்)

எண்ணும் முறையை நான் எழுதுகிறேன். சண்டை பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது.

பழைய முறை பிடித்துக் குறியிட்டு விடுவது. ஹெலிகாப்டரில் தாழப் பறந்து தொடையிலோ தோளிலோ மயக்க ஊசி அடிக்கிறார்கள். மருந்து டைலெட்டமைன், ஜோலாசெபம் இரண்டும் கலந்த டெலாசால். கரடி படுத்ததும் இரு காதிலும் எண் பொறித்த வில்லை, மேலுதட்டின் உட்புறம் அதே எண்ணைப் பச்சை குத்துவது. வில்லை பிய்ந்து விழலாம், உதட்டுப் பச்சை போகாது. பயன்படாத சிறு முன்கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்குகிறார்கள். அதை மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் வளையங்களை எண்ணினால் வயது தெரியும். நாடா வைத்து உடல் நீளம், மார்புச் சுற்றளவு. அந்த இரண்டிலிருந்து எடை கணக்காகும். செயற்கைக்கோள் கழுத்துப்பட்டை பெண்ணுக்கு மட்டுமே. வளர்ந்த ஆணுக்குக் கழுத்து தலையைவிடப் பருமன், பட்டை உருவிக்கொண்டு வந்துவிடும். ஆண் கரடி எங்கெங்கே திரிகிறது என்ற தகவல் குறைவாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

கணக்கு எளிது. முதல் ஆண்டு 100 கரடிக்குக் குறி. அடுத்த ஆண்டு 80 பிடிபடுகின்றன, அவற்றில் 20-இல் குறி இருக்கிறது. 100 × 80 ÷ 20 = 400. குறிகளில் நான்கு உதிர்ந்து, 16 மட்டும் கண்ணில் பட்டால் விடை 500. குறியிட்ட கரடிகளே அதிகம் தங்கும் இடத்தில் தேடி 30 கிடைத்தால் விடை 267. மூன்றிலும் உண்மையான கரடி அதே 400. எல்லாக் கரடிக்கும் பிடிபடும் வாய்ப்பு சமம் என்ற அனுமானம் சற்று சாய்ந்தாலும் எண் இவ்வளவு ஆடும். இன்றைய மாதிரிகள் பிழைத்திருத்தல், இடம்பெயர்தல் எல்லாவற்றையும் சேர்த்துக் கணிக்கின்றன. ஆனாலும் தேடிய பரப்பு கூட்டத்தின் முழுப் பரப்பையும் மூடவில்லை என்றால் எந்த மாதிரியும் காப்பாற்றாது.

#4 ராஜன் (ஃபீனிக்ஸ்)

மீனாட்சி அக்கா சொன்னதை வைத்தே கேட்கிறேன். 2011-இல் மேற்கு ஹட்சன் விரிகுடாவுக்குப் பிடித்தெண்ணிய கணக்கு 806. அதே ஆண்டு வானிலிருந்து எண்ணிய கணக்கு 1,030. இருநூறுக்கு மேல் வித்தியாசம். இந்த நிலையில் "குறைகிறது" என்று எப்படி உறுதியாகச் சொல்வது?

இன்னொன்று. கனடாவுக்கும் கிரீன்லாந்துக்கும் இடையிலுள்ள கேன் பேசின் கூட்டம் 1990-களில் 164, 2013-14-இல் 357. வட கனடாவின் மெக்கிளின்டாக் கால்வாயில் 2000-இல் 284, பின்னர் 716. அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையிலுள்ள சுக்சி கடலில் ஏறத்தாழ 2,900, உடலும் நல்ல நிலை. ஏறியிருக்கும் இடங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மூன்றாவது. 2007-இல் அமெரிக்க நிலவியல் ஆய்வகம் இந்த நூற்றாண்டின் நடுவில் உலகக் கரடியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும் என்றது. ஆண்டில் கடல்பனி மிகக் குறையும் மாதமான செப்டம்பரின் பனி அதே ஆண்டிலும் 2012-இலும் எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சரிந்தது. கரடி சரியவில்லையே?

#5 மீனாட்சி (கேப் டவுன்)

806-ஐயும் 1,030-ஐயும் ஒப்பிடுவது தவறு, ராஜன் தம்பி. பிடிக்கும் குழு ஆண்டுதோறும் இறங்கியது மானிடோபாவில், சர்ச்சில் ஊருக்குத் தெற்கே வாபுஸ்க் பூங்காவைச் சுற்றிய பகுதியில். வான்வழிக் குழு ஒன்டாரியோ எல்லைப் பக்கமும் வடக்கே இனுவிட் பழங்குடியினர் வாழும் நுனாவுட் கரையும் சேர்த்துப் பறந்தது. 806 என்பது அந்தப் பூங்காப் பகுதிக்கு வந்து போகும் கரடிகள், 1,030 மொத்தக் கரையோரம். பின்னாளில் 2011 வான்வழித் தரவை 2016 கணக்கெடுப்பின் முறையிலேயே பகுத்துப் பார்த்தபோது அது 949 ஆனது. 1987-இல் பிடித்தெண்ணிய 1,194-லிருந்து வான்வழி 1,030-க்குக் கோடு போடுவதும் இதே பிழைதான். பிடித்தெண்ணிய வரிசையைத் தனியாக, வான்வழி வரிசையைத் தனியாகப் படியுங்கள்:

பிடித்தெண்ணியது: 1987-இல் 1,194. 2004-இல் 935. 2011-இல் 806.
வான்வழி: 2011-இல் 949. 2016-இல் 842. 2021-இல் 618.

இரண்டும் கீழ்நோக்கியே போகின்றன.

#6 கதிர்வேல் (டர்பன்)

இதில் ஒரு புள்ளியியல் விவரம் சேர்க்கிறேன், மாணவர்கள் இடறும் இடம். 2016-இன் 842-க்கு வீச்சு 562 முதல் 1,121. 2021-இன் 618-க்கு 385 முதல் 852. இரண்டு வீச்சும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன, ஆகவே மாற்றமே இல்லை என்று எழுதுகிறார்கள். அப்படி முடிவு கட்டக் கூடாது. இவை 95 சதவீத நம்பக வீச்சுகள், ஒவ்வொன்றின் அகலத்தையும் 3.92-ஆல் வகுத்தால் திட்டப்பிழை ஏறத்தாழ 143, 119. வர்க்கம் எடுத்துக் கூட்டி மூலம் கண்டால் 186. வித்தியாசம் 224. 224 ÷ 186 = 1.2. அதாவது இந்த இரண்டு கணக்கெடுப்பை மட்டும் வைத்தால் உண்மையில் குறைந்திருப்பதற்கு நூற்றுக்கு 88 அளவு வாய்ப்பு. நீதிமன்ற உறுதி அதில் இல்லை, ஆனால் "மாற்றமில்லை" என்பதற்கு இன்னும் குறைந்த ஆதாரமே உண்டு. அதோடு 1987 முதல் வந்த வரிசை, உடல் எடை, குட்டி பிழைக்கும் விகிதம் எல்லாம் ஒரே திசையைக் காட்டும்போது சந்தேகம் சுருங்குகிறது.

வானிலிருந்து எண்ணுவதையும் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட், செப்டம்பரில் விரிகுடாவில் பனி இல்லாதபோது கரடி எல்லாம் கரையேறியிருக்கும். பழுப்பு நிலத்தில் வெள்ளை உரு எடுப்பாகத் தெரியும். கரைக்குச் செங்குத்தாகக் கோடுகள் வகுத்து, ஏறத்தாழ 120 மீட்டர் உயரத்தில் பறக்கிறார்கள். முன்னிருக்கையில் இருவர், பின்னிருக்கையில் இருவர், நடுவே மறைப்பு. ஒருவர் பார்த்தது மற்றவருக்குத் தெரியாது. முன்னால் இருப்பவர் தவறவிட்டுப் பின்னால் இருப்பவர் பார்த்தவை எத்தனை என்பதிலிருந்து, இருவருமே தவறவிட்டவை எத்தனை என்று கணக்கிடலாம். கோட்டிலிருந்து கரடி எவ்வளவு தள்ளி இருந்தது என்று ஜி.பி.எஸ்.-இல் குறிக்கிறார்கள். தூரம் கூடக் கூடக் கண்ணில் படுவது குறையும். அந்தக் குறைவின் வளைவை வரைந்து எண்ணைத் திருத்துகிறார்கள். விமானத்துக்கு நேர் கீழே இருப்பது ஜன்னலுக்குத் தெரியாது என்பதால் மையக் கோட்டை ஒட்டிய பட்டையை விட்டுவிட வேண்டும். வில்லோப் புதருக்குள் படுத்திருக்கும் கரடியும், வெண்பாறையும்தான் பெரிய தொல்லை.

#7 மீனாட்சி (கேப் டவுன்)

ராஜன் தம்பியின் இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. கேன் பேசின் ஏறியது உண்மை. அங்கே முன்பு பல ஆண்டு கெட்டித்த தடித்த பனி. அதன் அடியில் வெளிச்சம் இல்லை, கரடியின் முக்கிய இரையான வளையச் சீல்கள் மூச்சுத் துளை வைப்பதும் கடினம். பனி மெலிந்து ஓராண்டுப் பனியாக மாறியதும் கடல் விளைச்சல் கூடியது, சீல் கூடியது, கரடிக்கும் தீனி. இது எதிர்பார்த்த விளைவே, ஆனால் இடைக்கால விளைவு. அதே பனி இன்னும் குறைந்து கோடையில் முழுதாகக் கரையும் நாட்கள் நீளும்போது கேன் பேசினும் ஹட்சனின் நிலைக்கு வரும். மெக்கிளின்டாக்கில் ஆண்டுக்கு இத்தனை கரடி சுடலாம் என்ற வேட்டை ஒதுக்கீட்டைக் கடுமையாகக் குறைத்தார்கள், ஏற்றத்தில் அதற்குப் பெரும்பங்கு. சுக்சி கடலில் கண்டத்திட்டு (கரையை ஒட்டிய ஆழமற்ற கடல்தளம்) அகலம், விளைச்சல் மிகுதி. ஆனால் நீங்கள் சொன்ன 2,900-இன் சரியான எண் 2,937, அதன் வீச்சு 1,522 முதல் 5,944 என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

பாஃபின் விரிகுடாவில் 1990-களில் 2,074, 2012-13-இல் 2,826. மயக்க ஊசி இல்லாமல், தோல் துணுக்கு எடுக்கும் ஊசி வீசி மரபணுவால் அடையாளம் கண்ட கணக்கு அது. ஆய்வாளர்களே இரண்டையும் ஒப்பிடாதீர்கள் என்று எழுதினார்கள், முந்தைய முறையில் கடலோரத்தை விட்டு உள்ளே தேடவில்லை என்பதால். இதைக் கொண்டு "ஏறிவிட்டது" என்று எழுதுபவர் அந்த ஒரு வரியை விட்டுவிடுகிறார்.

#8 கதிர்வேல் (டர்பன்)

மூன்றாவது கேள்விக்கு நான். 2007 முன்னறிவிப்பின் முதல் மாதிரி பெரும்பாலும் ஒரே நிபுணரின் மதிப்பீட்டை நம்பி அமைந்தது. அதை உருவாக்கியவர்களே அப்படி எழுதிவைத்தார்கள், விமர்சகர்கள் சுட்டியது நியாயம். ஆனால் செப்டம்பர் பனிப்பரப்பு என்ற ஒற்றை எண் கரடியின் வயிற்றை நிர்ணயிப்பதில்லை. கரடிக்கு முக்கியம் ஏப்ரலில் இருந்து ஜூலை வரை. அப்போதுதான் வளையச் சீலின் குட்டிகள் கொழுப்பேறி, தப்பத் தெரியாமல் பனிமேல் கிடக்கும். ஆண்டுக் கொழுப்பில் பெரும்பகுதி அந்த வாரங்களில் சேர்கிறது. பனி உடைவது மூன்று வாரம் முந்தினால் போவது அந்த மூன்று விருந்து வாரங்கள். செப்டம்பரில் பனி கொஞ்சம் கூடுதலா குறைவா என்பது அதற்குப் பிறகு.

அடுத்தது பட்டினி நாள். மேற்கு ஹட்சனில் கரையேறிய 20 கரடிக்குக் கேமரா பட்டை மாட்டிப் பார்த்த ஆய்வு 2024-இல் வந்தது. 19 கரடி எடை இழந்தன, சராசரி நாளுக்கு 1 கிலோ. பெர்ரிப் பழம், முட்டை, பறவைப் பிணம் தின்றவையும், அசையாமல் படுத்திருந்தவையும் கிட்டத்தட்ட அதே அளவு இழந்தன. தரையில் தீனி தேட நடப்பதிலேயே கிடைத்தது செலவாகிவிடுகிறது.

இழப்பு நேர்கோட்டில் ஏறுவதில்லை என்பதுதான் மையம். 120 நாள் பட்டினியில் வளர்ந்த ஆண்களில் 3 முதல் 6 சதவீதம் சாகும், 180 நாளில் 28 முதல் 48 சதவீதம் என்று 2010-இன் கணிப்பு. நாள் ஒன்றரை மடங்கு, சாவு எட்டு ஒன்பது மடங்கு. அதனால் நீண்ட காலம் ஒன்றும் நடக்காதது போலத் தெரிந்து பிறகு சட்டென்று விழும். பெண்ணுக்கு ஆபத்து இன்னும் முன்னதாக வருகிறது. இலையுதிர் காலத்தில் 189 கிலோவுக்குக் கீழ் இருந்த பெண் எதுவும் அந்தக் குளிர்காலத்தில் குட்டி போட்டதாகப் பதிவாகவில்லை. கரடி 20, 25 வருடம் வாழும். குட்டி பிழைக்காமல் போன பிறகும் தாய் கணக்கில் இருந்துகொண்டே இருக்கும். 2025-இல் வந்த ஆய்வின்படி 37 ஆண்டுகளில் மேற்கு ஹட்சன் பெண் கரடியின் சராசரி எடை 39 கிலோ குறைந்தது, ஒரு வயதுக் குட்டியின் எடை 26 கிலோ. தலை எண்ணுவதற்கு முன் எடை பேசிவிடுகிறது.

#9 பிரேமா (போர்ட் எலிசபெத்)

இங்கே அல்கோவா விரிகுடாவில் இதே வழக்கு பென்குயினை வைத்து நடந்தது, ஐயா. பிள்ளைகளுக்கு அதையும் காட்டுங்கள், எட்டிப்போய்ப் பார்க்கக்கூடியது.

ஆப்பிரிக்கப் பென்குயினை 2024 அக்டோபரில் மிக அருகிவிட்ட இனம் என்று அறிவித்தார்கள், உலகில் 10,000 இணைக்கும் குறைவு. அங்கேயும் எண் நேரடியாகப் பறவையின் எண் இல்லை. குடியிருக்கும் கூடுகளை எண்ணுகிறார்கள். தாய் தகப்பன் இல்லாமல் கூட்டமாக நிற்கும் குஞ்சுகளில் இரண்டை ஒரு கூடாகக் கொள்கிறார்கள். முட்டையிடும் உச்சம் தவறிப் போய் எண்ணினால் பாதிக் கூடு காணாமல் போகும். இறகு உதிர்க்கும்போது ஏறத்தாழ மூன்று வாரம் கடலுக்குள் போக முடியாது, சேர்த்த கொழுப்பில்தான் உயிர். அதற்கு முன் மத்தியும் நெத்தலியும் கிடைக்கவில்லை என்றால் கரையிலேயே முடிவு. கரடிக்குப் பனி, இதற்கு மீன்.

மத்தி, நெத்தலிக் கூட்டம் 1990-களின் கடைசியிலிருந்து ஆப்பிரிக்காவின் தென்கோடியான அகுல்ஹாஸ் முனைக்குக் கிழக்கே நகர்ந்தது. கடல் வெப்பமா, மீன்பிடியா, இரண்டுமா என்று வருடக்கணக்கில் வாக்குவாதம். 2023-இல் வெளிநாட்டு வல்லுநர் குழு ஒன்று பார்த்து, தீவுகளைச் சுற்றி மீன்பிடியை மூடினால் பென்குயினுக்கு நன்மை உண்டு, ஆனால் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீத அளவே, சரிவு அதைவிடப் பெரிது என்றது. இரு தரப்பும் தங்களுக்கு வேண்டிய பாதியை எடுத்துக்கொண்டன. 2025 மார்ச்சில் நீதிமன்றத்தில் சமரசமாகி, ஆறு குடியிருப்புகளைச் சுற்றி பத்து ஆண்டுக்கு மூடல் வந்தது. செயின்ட் குரோய் தீவும் பறவைத் தீவும் அதில் அடங்கும். 1 சதவீதம் சிறிது என்று விட்டுவிட்டால் வேறு எதுவும் நம் கையில் இல்லை. தண்ணீர் சூட்டை ஓர் அரசாணையால் குறைக்க முடியாது, வலையை நகர்த்த முடியும்.

#10 ராஜன் (ஃபீனிக்ஸ்)

நல்ல விவரம் அக்கா. ஆனால் இனுவிட் மக்கள் சொல்வதை இங்கே யாரும் எடுக்கவில்லை. நுனாவுட்டில் ஊருக்குள் கரடி வருவது கூடியிருக்கிறது, கரடி அதிகம் என்கிறார்கள் அவர்கள். தலைமுறையாகப் பார்ப்பவர்கள். ஹெலிகாப்டரில் இரண்டு வாரம் வந்து போகிறவரைவிட அவர்களுக்குத் தெரியாதா?

#11 மீனாட்சி (கேப் டவுன்)

அவர்கள் பார்ப்பது உண்மை. டேவிஸ் நீரிணையில் கரடி கூடியதாக அவர்கள் சொன்னதை 2005 முதல் 2007 வரையிலான கணக்கெடுப்பு உறுதி செய்தது, ஏறத்தாழ 2,158. வேட்டை குறைந்ததும் ஹார்ப் சீல் பெருகியதும் காரணம். மேற்கு ஹட்சனில் அதே கண் பார்ப்பதற்கு வேறு அர்த்தமும் உண்டு. பனி சீக்கிரம் உடைந்தால் கரடி கரையில் இருக்கும் நாட்கள் கூடும், பசியும் கூடும், குப்பைமேட்டுக்கும் இறைச்சிக் கொட்டகைக்கும் வரும். ஓர் ஊரில் ஒரு மாதத்தில் எத்தனை கரடி தென்பட்டது என்பது மொத்த எண்ணையும், கரையில் தங்கிய நாளையும், ஊரை நோக்கி வரும் விருப்பத்தையும் பெருக்கிய விடை. முதலாவது குறைந்து மற்ற இரண்டும் ஏறினால் தென்படுவது கூடும். பிரித்தறிய கரடியின் கொழுப்பு நிலையையும், ஊருக்குள் வந்தது இளம் ஆணா குட்டியோடு தாயா என்பதையும் எழுதி வைக்க வேண்டும். அந்தக் குறிப்பை வேட்டைக்காரர்களைவிட நன்றாகத் தரக்கூடியவர் யாரும் இல்லை, அதனால்தான் இப்போதைய கணக்கெடுப்புகளில் அவர்களும் உடன் பறக்கிறார்கள்.

#12 செல்வம் (சேட்ஸ்வொர்த்)

எல்லோருக்கும் நன்றி. அந்த மெலிந்த கரடியின் காணொளியை என்ன செய்யட்டும்? பிள்ளைகள் அதைக் கைவிட மறுக்கிறார்கள்.

#13 கதிர்வேல் (டர்பன்)

எடுத்துவிடச் சொல்லுங்கள் ஐயா. 2017-இல் கனடாவில் எடுத்தது, அந்தக் கரடி ஏன் மெலிந்தது என்று யாரும் சோதிக்கவில்லை. வயதாகியிருக்கலாம், நோயாக இருக்கலாம், காயமாக இருக்கலாம். பனி உருகுவதன் முகம் இதுதான் என்று எழுத்துப் போட்டு வெளியிட்ட நேஷனல் ஜியோகிராஃபிக்கே மறு ஆண்டு அது எல்லை மீறிய கூற்று என்று அச்சிட்டது. ஒரு கரடியை வைத்துப் பருவநிலையைச் சொல்ல முடியாது. எதிரணி அந்த ஒன்றைப் பிடித்தே மொத்த வாதத்தையும் கவிழ்த்துவிடும், மேலே உள்ள 39 கிலோ என்ற எண்ணையும் சேர்த்து.

தலைப்பையும் குறுக்கிவிடுங்கள். "பனிக்கரடி அழிகிறதா" என்றால் இரண்டு அணியும் கத்திக்கொண்டே இருக்கும். "மேற்கு ஹட்சன் விரிகுடாவில் 1987 முதல் கரடி குறைந்ததற்குப் பனி காரணமா, வேட்டை காரணமா" என்று வையுங்கள். இரண்டு பக்கத்துக்கும் கையில் தரவு இருக்கும்.

#14 ராஜன் (ஃபீனிக்ஸ்)

அந்தத் தலைப்பில் நான் வேட்டைப் பக்கம் நிற்பேன். ஒதுக்கீடு இருந்தது, ஆண்டுதோறும் சுட்டார்கள்.

#15 மீனாட்சி (கேப் டவுன்)

நில்லுங்கள் தம்பி, நிற்க இடம் இருக்கிறது. 2004 வரையிலான தரவைப் பகுத்த ஆய்வில் பனி முந்தி உடைந்த ஆண்டுகளில் குட்டிகள், இளங்கரடிகள், கிழக் கரடிகள் ஆகியவற்றின் பிழைப்பு குறைந்தது. நல்ல வயதில் இருந்தவற்றுக்கு அந்தத் தொடர்பு இல்லை. வேட்டை மட்டும் காரணமென்றால் வயதுக்கேற்ப இப்படிப் பிரியாது. ஆனால் ஒதுக்கீடு 1,200 கரடி நிலையாக இருப்பதாக எண்ணிப் போட்டது. கூட்டம் சுருங்கத் தொடங்கிய பிறகும் அதே எண்ணைச் சுட்டதால் சரிவு வேகமானது என்றும் அதே ஆய்வு சொல்கிறது. உங்கள் அணி அந்தப் பகுதியை எடுக்கட்டும். பனி அணி வயதுவாரிப் பிழைப்பை எடுக்கட்டும். இரு அணிக்கும் ஆண்டுவாரி பனி உடைந்த தேதிப் பட்டியலும், ஆண்டுவாரி சுட்ட எண்ணிக்கையும் ஒரே தாளில் கொடுங்கள் ஐயா. பிள்ளைகளே பென்சிலால் வரைபடம் போட்டுப் பார்க்கட்டும்.